கடல் பக்கத்துச் சுவர்

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போன இரண்டாம் வருஷம். கடற்கரைத் தெருவில் ஒரு துரை பூட்டிவிட்டுப் போன பெரிய வீட்டை, கண்காட்சி வைக்கவென்று ஓவியக் கழகத்தார் கேட்டு வாங்கியிருந்தார்கள். கதவைத் திறந்தவன் தெய்வசிகாமணி, பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். உள்ளே வெகுநாள் அடைத்துக் கிடந்த வீட்டின் வாசனை. வேறொன்றும் இல்லை.

பின்னாலேயே மாட்டுவண்டியிலிருந்து வீராயியின் பலகைகள் இறங்கின. வீராயி கனகசெட்டிக்குளத்து மீன்காரி. தூரிகையைத் தொட்டதே கிடையாது. உடைந்த படகுப் பலகைகளில் கரியாலும் சுண்ணாம்பாலும் ஆட்களை வரைவாள். அத்தனை பேரும் நமக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறவர்கள்.

“என்ன முசே, மூஞ்சி வரையத் தெரியாதவளப் போயி புடிச்சிருக்கீங்க?” என்று கழகத் தலைவர் ராமலிங்கம் சிரித்தார். அவர் பாரிசில் படித்தவர், ‘ஐயா’ என்பதற்கு ‘முசே’ என்பவர், சிரிப்பார். தெய்வசிகாமணியோ அந்த முதுகுகளைப் பார்த்த நாள் முதல் தூக்கம் கெட்டுக் கிடந்தான். இவளை ஊருக்குக் காட்டியே தீருவதென்று ஒற்றைக்காலில் நின்றான்.

வீராயி கேட்டது ஒன்றே ஒன்று.

“கடல் பக்கத்துச் சுவத்துல மாட்டுங்க வாத்தியாரே. இவங்கெல்லாம் கடலுக்குப் போயி கரைக்கு வராதவங்க. அங்க மாட்டினா கடலப் பாத்து நடப்பாங்க. எதிர்ல மாட்டினீங்கன்னா ஊருக்குள்ள பூந்துருவாங்க.”

“சரிம்மா” என்றான். ஆனால் கடல் பக்கம் முழுக்க ஜன்னல். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் படம் எடுபடுமா? அவள் மீன் விற்கப் போனதும் எதிர்ச்சுவரில், ஊர் பக்கம், வெளிச்சம் பார்த்து மாட்டினான். படம் மாட்டத் தெரிந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஆதிலட்சுமி வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தாள். “இங்க குனியவே வேணாங்க! நம்மூட்டு அடுப்படி நிலையில இடிச்சு இடிச்சு என் நெத்தியே வீங்கிப் போச்சு.”

“பனைமரத்தைக் கட்டிக்கிட்டவன் வீட்டைத்தான் இடிச்சுக் கட்டணும்” என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு ஓடுவான்.

மறுநாள் காலை கூடமெல்லாம் பாசி நாற்றம். படங்களில் என்னவோ மாறியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தான்.

ஆட்கள் சிறுத்திருந்தார்கள்.

நேற்று பலகை முழுக்க நின்றவர்கள் இன்று பாதிதான். பின்னால், யாரும் வரையாத காலடிகள்.

நடந்திருக்கிறார்கள்.

ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னல்களின் கீழே சாய்த்து வைத்தான். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பலகைகள் வெறுமையாக இருந்தன. ஈரம் சொட்டியது.

கூடையோடு வந்த வீராயி வாசலிலேயே நின்றுவிட்டாள். “எந்தச் சுவத்துல மாட்டின?”

அவன் கையைக் காட்டினான்.

“அந்தப் பக்கம் நேரா போனா யாரு வீடு?”

அந்தப் பக்கம் வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் முதல் தெரு அவனுடையது.

“தனியா திரும்ப மாட்டாங்க வாத்தியாரே. கூட ஒருத்தரக் கூட்டிக்கிட்டுத்தான் கடலுக்குப் போவாங்க.”

“என்ன பண்ணணும், சொல்லும்மா!”

“எனக்கு வரையத்தான் தெரியும்” என்று அவள் அழுதாள். “அழிக்கத் தெரியாதே.”

ஓடினான். வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆதிலட்சுமி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு உயிர் வந்தது.

“யாராச்சும் வந்தாங்களா?”

“குப்பத்து ஆளுங்க போல. தண்ணி கேட்டாங்க. குடங்குடமா குடிச்சாங்க, பாவம்.”

“மொகத்தப் பாத்தியா?”

“எங்க? கடைசி வரைக்கும் முதுகத்தான காட்டிக்கிட்டு நின்னாங்க.”

அப்போதுதான் உறைத்தது. அவளும் இன்னும் திரும்பவில்லை.

அடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றான்.

முதுகு.

சுவரோரமாகச் சுற்றி வந்தான்.

முதுகு.

“ஆதிலட்சுமி, இப்படித் திரும்பேன்.”

“திரும்பித்தான இருக்கேன்? இவ்ளோ நேரமா உங்க மொகத்தையே பாத்துக்கிட்டிருக்கேன், என்னாச்சு உங்களுக்கு?”

கையைப் பிடித்தான். சில்லென்று ஈரமாக இருந்தது. பிடிக்க முடிந்தது, நிறுத்த முடியவில்லை. அவள் எழுந்து அடுப்படி நிலையைத் தாண்டிப் போனாள்.

குனியவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சொன்னவன் அந்த நிலைக்குக் கீழே நின்று பார்த்திருக்க மாட்டான். தெய்வசிகாமணி தினமும் நிற்கிறான். அவள் எப்போதும்போலச் சமைக்கிறாள், பேசுகிறாள், அவனைக் கேலிகூடச் செய்கிறாள். நேற்று அவள் தலைக்கும் நிலைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

இன்று காலை ஒரு முழம்.