முன்பலகை

ஷட்டில் வேன் ஆற்றங்கரையில் வந்து நின்றபோது மணி பன்னிரண்டு. ஐந்து மணி நேரக் குலுக்கலில் என் எலும்புகளெல்லாம் இடம் மாறியிருந்தன. இதற்கு மேல் சாலை கிடையாது. காட்டுக்குள் இருக்கும் அந்த ஊருக்குப் படகில்தான் போகவேண்டும்.

அங்கே என் தங்கை டீச்சர். எட்டு நாளாகக் காய்ச்சல் என்றும் ஊரில் மருந்து தீர்ந்துவிட்டது என்றும் தகவல் வந்திருந்தது. அப்பா, அம்மா போனபிறகு நான் தூக்கி வளர்த்தவள் அவள். ஊசி மருந்து ஒரு பெட்டி, டிரிப்ஸ் பாட்டில்கள் நான்கு பெட்டி. டிரிப்ஸ் ஏற்றாமல் ஊசி மட்டும் போட்டால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"படகுக்காரர்கிட்ட எடையில மட்டும் பொய் சொல்லிடாதீங்க சார்" என்றார் வேன் டிரைவர், பெட்டிகளை இறக்கிக்கொண்டே. "போன மாசம் ஒரு அம்மா அறுபதுன்னு சொல்லி, மிஷின் எண்பத்திரண்டு காட்டுச்சு. திரும்பி வர்ற வரைக்கும் யார்கூடவும் பேசல."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை வைப்பவன். முப்பது வருஷமாக யாரையும் நம்பாமல் இருப்பதுதான் என் வேலை.

படகுக்காரர் ஒவ்வொரு ஆளையும் ஒவ்வொரு மூட்டையையும் மேடைத் தராசில் ஏற்றி, எடையைச் சாக்கட்டியால் பலகையில் எழுதினார். நான் எழுபத்தொன்று. அந்த ஊரில் கடை வைத்திருக்கும் அம்மா ஒருத்தி, அவளுடைய உப்பு மூட்டை, சர்க்கரை மூட்டை. படகு தாங்குவது நானூறு கிலோ. அதற்கு அடையாளமாக வெளிப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு.

முந்நூற்று ஐம்பத்திரண்டு வந்ததும் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"டிரிப்ஸ் பெட்டி அடுத்த நடையில வரும் சார். மூணு நாள்ல."

படகில் முன்னால் ஆள் உட்காரும் முன்பலகை முழுசாகக் காலியாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து என் பித்தளை எடைக்கல்லை எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன்.

"தராசு சுத்தமா இருக்கு. அப்புறம் எதுக்கு நாப்பத்தெட்டு கிலோ விட்டு வைக்கிறீங்க?"

"வழியில ஒரு ஆள் ஏறும்."

"வழியில ஊரே இல்லையே?"

"இல்லைதான்."

கள்ளச்சரக்கு ஏற்றப்போகிறான் என்று முடிவு கட்டினேன். அடையாள அட்டையைக் காட்டினேன். தராசுக்குச் சீல் வைத்தால் நாளையிலிருந்து படகு ஓடாது என்றேன். கடைக்கார அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். படகுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏத்திக்குங்க சார். ஆனா முன்பலகையில வச்சது நீங்க. ஞாபகம் வச்சுக்குங்க."

பன்னிரண்டு கிலோ வீதம் நான்கு பெட்டி. கணக்காக நானூறு. வெள்ளைக் கோட்டைத் தண்ணீர் தொட்டு நின்றது. படகுக்காரர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. அது ஏன் என்று நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

இரண்டு மணி நேரம் கழித்து ஆறு வளைந்தது. இரு கரை மரங்களும் மேலே கைகோத்துக்கொண்டு, பட்டப்பகலிலேயே இருட்டிப்போயிருந்தது. படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். கடைக்கார அம்மா தலையைக் குனிந்து தன் பாதத்தையே பார்த்தாள். எங்கோ இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். வாளியில் பல நாள் ஊறிக்கிடந்த துணியின் வாடை.

படகு தாழ்ந்தது.

யாரும் ஏறவில்லை. ஆனால் யாரோ கால் எடுத்து வைப்பதைப்போல முதலில் முன்பக்கம் அமுங்கியது. அங்கே பெட்டிகள் இருந்தன. கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு அமுக்கம் மெல்ல மெல்ல நடுப்பலகைக்கு நகர்ந்தது. அங்கே நான் இருந்தேன்.

என் மடி ஜில்லிட்டது.

வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வழிந்தது.

"நாப்பத்தெட்டு இறக்கணும்" என்று கிசுகிசுத்தார் படகுக்காரர். "சீக்கிரம்."

என் கண் பெட்டிகளுக்குப் போனது. இரண்டு கையாலும் அவற்றை அணைத்துக்கொண்டேன். கடைக்கார அம்மா தன் மூட்டைகளை ஆற்றில் தள்ளினாள்.

"டீச்சரம்மாவுக்காகத்தான்" என்றாள் பிறகு. "இல்லேன்னா உங்களைத்தான் தள்ளியிருப்பேன்."

"யார் அது?" என்று கேட்டேன்.

"நாங்க கேட்டதில்ல. கேட்டா சொல்லிடும்."

ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தட்டைப் பாறை. படகுக்காரர் அதன் பக்கம் நிறுத்திக் காத்திருந்தார். வழியில் ஏறுவது வழக்கமாக இறங்கும் இடம் அது. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

படகு எழும்பவில்லை.

அவர் என் மடியைப் பார்த்தார். பிறகு மோட்டாரைக் கிளப்பினார்.

தங்கை பிழைத்தாள். டிரிப்ஸ் ஏற்றிய மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "என்னண்ணே, எல்லார்கிட்டயும் சண்டை போட்டுட்டு வந்தியா?" என்றாள். அழுதுவிட்டேன். என் கால்கள் படகிலிருந்தே மரத்துக்கிடந்ததைக்கூட அன்று மறந்துபோனேன்.

அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு கிளம்பிய அன்று, கரையில் தராசு. தங்கை நாற்பத்தாறு. எடைக்கல்லை வைத்துப் பார்த்து, இந்தத் தராசும் சுத்தம் என்று சொல்லிவிட்டு நான் ஏறினேன்.

நூற்றுப் பத்தொன்பது.

"மிஷின்ல ஏதோ கோளாறு" என்றேன்.

"தராசு சுத்தம்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார் படகுக்காரர் மெதுவாக. முன்பலகையில் அன்று மூட்டைகள் நிறைந்திருந்தன. அந்த வளைவில் அவர் மோட்டாரை நிறுத்தவே இல்லை. ஏதோ பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம், தினமும் காலையில் அலுவலகத் தராசை எடைக்கல் வைத்துச் சோதித்தபிறகு ஏறி நின்றேன். தினமும் நூற்றுப் பத்தொன்பது. சட்டை அதே அளவு, பெல்ட் அதே ஓட்டை. பழகிக்கொண்டேன் என்றுதான் சொல்லவேண்டும். அவள் பிழைத்ததற்கு இது அதிகமில்லை.

போன திங்கட்கிழமை, எழுபத்தொன்று.

இறங்கி மறுபடி ஏறினேன். எழுபத்தொன்றேதான். கால்களில் உணர்ச்சி வந்திருந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, தங்கைக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அவள் ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கால் மரத்துப்போச்சுண்ணே. காலையில நீ கிளம்பினதுலேர்ந்து."

அறையில் ஊறிய துணியின் வாடை.

தராசைக் கொண்டுவந்தேன். உடம்பு தேறி இப்போது ஐம்பது கிலோ இருந்தவள் அவள். முள் தொண்ணூற்றெட்டில் நின்றது. நான் மண்டியிட்டு, அவள் மடியைப் பார்த்து, "என்கிட்டயே வந்துடு" என்றேன். "யார்கிட்டண்ணே பேசுற?" என்றாள் அவள்.

அன்று முதல் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரு துண்டைக்கூட யாரையும் போட விடுவதில்லை. காலையிலும் மாலையிலும் அவளை நிறுத்துப் பார்க்கிறேன்.

தொண்ணூற்றெட்டு. நாற்காலி இன்னும் காலியாகவே இருக்கிறது.