நாலாவது சிவப்புப் புள்ளி

எடமலைப்பட்டி புதூரில் பவுனம்மாள் செத்துக் கிடந்தாள்.

வயது எழுபத்தாறு. கட்டிலில் மல்லாந்த உடம்பு. முகத்தின் பக்கத்தில் தலையணை. இடது கைக் கட்டைவிரலில் நீல மை!

ஒரே மாதத்தில் இது மூன்றாவது சாவு. மூன்று பேருமே தனியாக இருந்த கிழவிகள். சொந்த வீடு உண்டு, வாரிசு கிடையாது. மூன்று கட்டைவிரலிலும் அதே மை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேணியைக் கூட்டிவந்து ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டார் இன்ஸ்பெக்டர் பீமராவ்.

வேணி ஒரு அறக்கட்டளையில் கம்ப்யூட்டரில் மேப் போடுகிறவள். தனியாக இருக்கும் முதியவர்கள் எந்தத் தெருவில் அதிகம், எங்கே சமையல்கூடம் வைத்தால் அவர்களுக்குச் சோறு சூடாகப் போய்ச் சேரும் என்று திட்டம் போடுவதற்கான மேப். ஒவ்வொருவரும் ஒரு சிவப்புப் புள்ளி. தொட்டால் பேர், வயது, சொந்த வீடா, வாரிசு உண்டா... எல்லாம் வரும். விலாசம் மட்டும் கிடையாது. புள்ளிதான் விலாசம்.

நல்லது செய்யத்தான் போட்டாள். அது கொலைகாரனுக்கும் வசதியாகப் போய்விட்டது.

செத்த மூன்று பேரின் புள்ளிகளும் சாவுக்கு முன்னால் திறக்கப்பட்டிருந்தன. திறந்தது வேணியின் பாஸ்வேர்ட்.

"உண்மையச் சொல்லிடும்மா."

"நான் செய்யல சார்."

பீமராவ் டீயை ஊதிக் குடித்தார். அவளுடைய டைரக்டர் சுரேஷ்குமார் நேற்றே வந்து, தங்கமான பெண் இப்படிச் செய்வாளென்று நினைக்கவில்லை என்று கண்கலங்கிவிட்டுப் போனாராம்.

மணி பதினொன்று.

மேஜைமேல் இருந்த அவளுடைய லேப்டாப் 'டிங்' என்றது. வேணி எட்டிப் பார்த்தாள்.

"சார்... நாலாவது புள்ளியத் திறந்திருக்காங்க. ஸ்ரீரங்கம், சந்திரம்மாள். இப்பதான். என் பாஸ்வேர்ட்லயே."

"அப்போ நீதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"நான் ஒன்பது மணிலேருந்து உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன் சார்."

பீமராவ் தொப்பியைத் தேடினார்.

ஜீப் காவிரிப் பாலத்தில் நெரிசலில் மாட்டி நின்றது. போய்ச் சேர்வதற்குள் இன்னொரு உயிர் போய்விட்டால், தான் தப்பித்து என்ன பிரயோஜனம்? வேணி மடியில் லேப்டாப்பை விரித்து அந்தப் புள்ளியைப் பெரிதாக்கினாள்.

அது விழுந்திருந்த வீட்டைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"சார், சந்திரம்மாளுக்கு ஒண்ணும் ஆகாது."

"எப்படிச் சொல்ற?"

சொன்னாள். வீட்டு வாசலில் நின்று போனில் பதிந்தால்தான் புள்ளி அந்த வீட்டில் விழும். அந்தப் பகுதிக்குக் கணக்கெடுக்கப் போன விஜயராணி, வெயில் தாங்காமல் பேர்களைப் பேப்பரில் எழுதிக்கொண்டு வந்து, தன் வீட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மொத்தமாகப் பதிந்துவிட்டாள். மேப்பைப் பொறுத்தவரை, பதினேழு கிழவிகள் விஜயராணி வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

"அங்க இப்ப யாரு இருப்பா?"

"அவ வீட்டுக்காரர் மதுரைவீரன். காந்தி மார்க்கெட்ல லோடுமேன். ராத்திரி பூரா மூட்டை தூக்கிட்டுப் பகல்ல தூங்குவார்."

ஜீப்பை அங்கே விடச் சொன்னார் பீமராவ். அவசரம் வேண்டாம் என்றும் சொன்னார்.

விஜயராணி வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. உள்ளே மதுரைவீரன் கட்டிலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தரையில் ஒரு ஆள் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் நீல மை ஸ்டாம்ப் பேட். சந்திரம்மாள் பேரில் டைப் அடித்த உயில். கைநாட்டுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"இழுத்துப் போத்திட்டுத் தூங்கிட்டிருந்தேன் சார். மூஞ்சில தலகாணிய வச்சு அமுக்குறான். தூக்கக் கலக்கத்துல மூட்டைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்."

கீழே கிடந்தவர் முகத்தைத் திருப்பினார். முன்பல் இரண்டைக் காணோம்.

டைரக்டர் சுரேஷ்குமார்!

உயிலில் வீடு அவர் மனைவி பேருக்கு எழுதப்பட்டிருந்தது. ஆபீசில் எல்லார் பாஸ்வேர்டும் அவர் கையில்தான் இருந்தது. வேணி ஸ்டேஷனில் இருப்பது தெரியாமல், இன்றைக்கு லீவில் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

வேணியைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"புள்ளி தப்புன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூணு தடவ ரிப்போர்ட் குடுத்தேன் சார். நீங்கதான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டீங்க."