கவலைவடி

செவ்வாய்க் கிரகத்தில் ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். பேப்பர் இமைக்கு உள்பக்கம்தான் வரும். கண்ணிதழ் என்று அதற்குப் பெயர். விழியை ஒருமுறை உருட்டினால் பக்கம் புரளும்.

நன்மாறனுக்குச் செய்திப் பகுதி ஆகாது. பூமியின் வெள்ளமும் பஞ்சமும் படித்தால் காபி தொண்டையில் இறங்காது. அதற்கென்றே வீட்டில் கவலைவடி பொருத்தியிருந்தான். டீ வடிகட்டி சக்கையை நிறுத்துவதுபோல, மனத்தை வருத்தும் எதையும் அது நிறுத்திவிடும். மிஞ்சுவது ஞாயிறு இணைப்பு மட்டும்: பாசியில் மோர்க்குழம்பு, குறுக்கெழுத்து, அட்டையில் சிரிக்கும் நடிகை, அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் காதல் கதை. பாதி உப்புச்சப்பில்லாதது, மீதி போன வருடமே வந்தது. ஆனாலும் அதில் யாரும் சாவதில்லை. யாருக்குத்தான் அது பிடிக்காது?

போன மாதம் ஒரு ஞாயிறு, கண்ணைத் திறக்காமலே மனைவியைக் கூப்பிட்டான்.

"பூவிழி, என் ராசிக்கு என்ன போட்டிருக்கான் கேளு. உறவினர் வருகையால் வீடு களைகட்டுமாம்!"

"உங்களுக்கு இருக்கறதே நாகப்பட்டினத்துல ஒரு தங்கச்சி. அவ எங்க இங்க வரப்போறா? பேசி எத்தன நாளாச்சு, ஒரு தடவ கூப்பிடுங்களேன்."

"கூப்பிடலாம், கூப்பிடலாம். இந்தக் குறுக்கெழுத்த முடிச்சிடறேன்."

அன்றைய செய்திப் பகுதியில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. நாகையைக் கடல் கொள்ளப்போகிறது. மக்களை ஏற்றிக்கொண்டு கடைசி விண்கப்பல் புறப்படுகிறது. செவ்வாயில் இருப்பவர்கள் தங்கள் உறவுகளின் பெயரைப் பதிந்தால் இடம் உண்டு. தங்கை கயற்கண்ணியும் மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும் அவள் குரலில் இருந்த அழுகையைக் கண்டுகொண்டு கவலைவடி அழைப்பை நிறுத்தியது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான். கப்பல் பாதி காலியாகவே கிளம்பியது.

இந்த ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கத்தில் வண்ணப்படங்களுடன் ஒரு கட்டுரை: 'கப்பல் ஏறாதவர்கள்: நெஞ்சைத் தொடும் சில முகங்கள்.' செய்தியாக இருந்தவரை தடுத்த கவலைவடி, அழகான தலைப்பும் படமும் சேர்ந்ததும் வழிவிட்டுவிட்டது. நான்காவது முகம் கயற்கண்ணி. கடல் வருவதற்கு முதல் நாள் ஏவுதளத்தில் எடுத்த படம். கீழே அவள் சொன்ன வார்த்தை: "எங்க அண்ணன் பேரு குடுத்திருக்கும். அது மறக்கற ஆள் இல்ல."

நன்மாறன் குலுங்கிக் குலுங்கி அழுதான். கூடப்பிறந்தவளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தோமே என்று மாரில் அடித்துக்கொண்டான்.

விஷயம் தெரிந்து பூவிழியும் அழுதாள். "பாவி மனுஷா, இனிமேயாவது அந்த வடியக் கழட்டி எறிங்க. நல்லதோ கெட்டதோ, செய்தியையும் படிப்போம்."

கழற்றினான். இமைக்குள் அன்றைய முதல் செய்தி விரிந்தது. அவர்கள் வசிக்கும் கூடாரத்தின் காற்றுத் தொட்டியில் விரிசல், குடியிருப்பவர்கள் உடனடியாக... அதற்குள் அவன் கண்ணைத் திறந்துவிட்டான்.

"இன்னைக்கு ஒரு துக்கம் போதும் பூவிழி," என்றான். "மிச்சத்த அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்."

கவலைவடியை மறுபடி பொருத்திக் கண்ணை மூடினான். செய்தி மறைந்து ராசிபலன் வந்தது. 'இந்த வாரம் கவலைகள் விலகும்' என்று போட்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை இன்னொரு தடவை படித்தான்.