தாண்டாதே, மேஜர்!

மேஜர் குரைத்துக் கொண்டே இருந்தான்.

மூன்று மணி வெயிலில்... நாக்கு தள்ள... விடாமல்!

பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் முதலில் ஜன்னலை அறைந்து சாத்தினாள். அப்புறமும் சத்தம் ஓயவில்லை. இன்றைக்கு இந்த நாயை இரண்டில் ஒன்று பார்த்து விடுவது என்று சேலையை இழுத்துச் செருகிக் கொண்டு வெளியே வந்தாள்.

வந்தவள் அலறினாள்.

"இயேசுவே...!"

பக்கத்துப் புல்தரையின் தெருவோரத்தில் பிரம்பு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் மமதா. ஐம்பத்தெட்டு வயது. பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரிக்கு முதலாளி. பின்னந்தலை முழுக்க ரத்தம். டீ கப் மட்டும் உடையாமல் புல்லில் உருண்டு கிடந்தது.

பத்தடி தள்ளி மேஜர். ஜெர்மன் ஷெப்பர்ட். புலி மாதிரி உடம்பு!

எஜமானி செத்துக் கிடக்கிறாள்... மேஜர் ஓர் அடி கூட முன்னால் வராமல் நின்ற இடத்திலேயே குரைத்துக் கொண்டிருந்தான்!

*

இன்ஸ்பெக்டர் ரெமிஜியஸ் சிகரெட்டை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. நிற்க முடியவில்லை. உட்கார முடியவில்லை. வாயில் கிராம்பை அதக்கிக் கொண்டு புல்தரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஏட்டு முனியப்பனின் சட்டைப் பாக்கெட்டில் ஒரு சிகரெட் பாக்கெட் எட்டிப் பார்த்தது. ரெமிஜியஸின் கண் அடிக்கடி அங்கே போனது.

"கெஞ்சினாலும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"இப்ப கேட்டனாய்யா? பாத்தேன். பாக்கக்கூட கூடாதா?"

ஹோசூர் ரோட்டை ஒட்டிய அந்த லேஅவுட்டில் எந்த வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவர் கிடையாது. வெளிநாடு மாதிரி தெரிய வேண்டுமாம். அசோசியேஷன் உத்தரவு! நவம்பரில் மட்டும் வெளிநாட்டுக்குக் கொஞ்சம் லீவு விட்டிருந்தார்கள். மாநிலம் பிறந்த ராஜ்யோத்சவ மாதம். வீட்டுக்கு வீடு மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடி. மமதாவின் புல்தரையிலும் குட்டிக் கொடிகள் வரிசையாகக் காற்றில் படபடத்தன.

மேஜரை வீட்டுக்குள் போட்டுப் பூட்டியிருந்தார்கள். உடலை ஆம்புலன்ஸ் எடுத்துப் போனது. முனியப்பன் செல்போனை நீட்டினார்.

"வாசல் கேமரால எல்லாம் பதிஞ்சிருக்கு சார். பாருங்க."

சத்தமில்லாத படம். மமதா டீ குடிக்கிறாள். தெருவிலிருந்து ஒருவன் வருகிறான். ஹெல்மெட். கறுப்பு ஜெர்கின். தோளில் டெலிவரி பை. வீட்டு வாசலிலிருந்து மேஜர் பாய்ந்து வருகிறான்... வருகிறான்...

பாதிப் புல்தரையில் சடாரென்று பிரேக் போட்டு நிற்கிறான்!

வந்தவன் நிதானமாகப் பையிலிருந்து இரும்புக் கம்பியை எடுக்கிறான். ஒரே அடி. திரும்பி நடந்து போகிறான்.

"தெரிஞ்ச ஆளு சார்! இல்லாட்டி இந்த நாய் சும்மா விடுமா? தெனம் சோறு போடறவன் யாரு? டிரைவர் கோவிந்தன். கொலை நடந்தப்ப எங்க இருந்தேன்னு கேட்டா, பின்னால கார்ல தூங்கினேங்கறான். பாத்தவங்க யாரும் இல்ல."

கோவிந்தன் ஏற்கெனவே ஜீப்பில் இருந்தான். நீலசந்திராவிலிருந்து அலறியடித்து ஓடி வந்திருந்த அவன் மனைவி ஜானகி ஜீப் கம்பியைப் பிடித்துக் கொண்டு நின்றாள்.

"சார்... எங்க வூட்டுக்காரரு ஈ எறும்புக்குக்கூட கெடுதல் செய்ய மாட்டாரு சார். ரெண்டு பொட்டப் புள்ளைங்க சார் எனக்கு. கொலைகாரன் பொண்ணுங்கன்னு சொல்லிட்டா யாரு சார் கட்டுவாங்க...?"

ரெமிஜியஸ் பதில் சொல்வதற்குள் செல்போன் அதிர்ந்தது. ஏ.சி.பி.! சாயங்காலத்துக்குள் டிரைவரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்றார். கன்னடத்தில் சொன்னார். அதுவும் கெட்ட கன்னடத்தில்.

அப்போதுதான் கார் ஒன்று கிறீச்சிட்டு நின்றது.

"அக்கா...!"

இறங்கி ஓடி வந்தவன் நாகேஷ். மமதாவின் தம்பி. ஃபேக்டரி மேனேஜர். அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருப்பு. கவிழ்ந்து கிடந்த நாற்காலியைப் பார்த்ததும் முகத்தைப் பொத்திக் கொண்டு அழுதான். பிறகு ஜீப்பைப் பார்த்தான்.

"இவனா? சோறு போட்ட கைய... பாவி! சார், இந்த ஆளத் தவிர வேற யாரு வந்திருந்தாலும் அந்த நாய் கிழிச்சிருக்கும் சார்."

"உங்களையுமா?"

நாகேஷ் சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கைக்குக் கீழே புழு நெளிவது போல ஒரு தழும்பு.

"பதினோரு தையல் சார்! எனக்கும் அதுக்கும் ஆகவே ஆகாது. நான் கீழ எறங்கினாலே அத உள்ள போட்டுப் பூட்டணும். என்னைக் கடிச்சப்புறம்தான் அக்கா இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலியவே போட்டாங்க."

"என்ன வேலி?"

"கரண்ட் வேலி சார். பூமிக்கடியில கம்பி. ஒக்கலிபுரத்துலேர்ந்து கிளெமென்ட்னு ஒருத்தர் வந்து போட்டுக் குடுத்தாரு."

ரெமிஜியஸ் கிராம்பைத் துப்பினார்.

"முனியப்பா... அந்த கிளெமென்ட்ட வரச் சொல்லு. உடனே!"

*

கிளெமென்ட் ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே வியர்த்திருந்தது.

"சார், என் வேலியில ஒரு கோளாறும் இருக்காது சார். கேரண்டி குடுத்துதான் போட்டேன்."

"கேரண்டி கெடக்கட்டும். எப்படி வேலை செய்யுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"தெருவோரமா மண்ணுக்கடியில கம்பி ஓடுது சார். நாய் கழுத்துல ஒரு பட்டை. கம்பி கிட்ட வந்தா பட்டை 'பீப்'னு கத்தும். அதையும் மீறி வந்தா சுளீர்னு ஒரு ஷாக்! உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

"இந்த நாற்காலி இருந்த எடம்?"

"அது கம்பிக்கு உள்பக்கம் சார். நாய் தாராளமா வரலாம்."

ரெமிஜியஸ் ஜீப்பை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"கோவிந்தா! கொலை நடந்தப்ப நாய் கழுத்துல பட்டை இருந்துச்சா?"

"இல்ல சார். சார்ஜ் போட காலைலயே கழட்டிட்டேன். இன்னும் கிச்சன்லதான் கெடக்கு. வேணும்னா பாருங்க சார்."

கிடந்தது. பச்சை விளக்கு சிமிட்டிக் கொண்டு.

ரெமிஜியஸின் நடை வேகமெடுத்தது. நாற்காலிக்கும் வீட்டுக்கும் நடுவே போனார்... வந்தார்... மறுபடி போனார்.

"பட்டை இல்ல. ஷாக் இல்ல. கம்பியும் இங்க இல்ல. அப்புறம் ஏன்யா நின்னுச்சு?"

"தெரிஞ்ச ஆளுன்னுதான் சார்..." முனியப்பன் விடுவதாக இல்லை.

"தெரிஞ்ச ஆளப் பாத்தா வால ஆட்டும். படத்துல இது முதுகு முடி சிலுத்துக்கிட்டு நிக்குது! பக்கத்து வீட்டம்மா காதே கிழியற மாதிரி கொரைச்சிருக்கு. வந்தவன் மேல அதுக்குக் கொலவெறி, முனியப்பா. ஆனா என்னமோ ஒண்ணு தடுத்திருக்கு!"

கிளெமென்ட்டின் பக்கம் திரும்பினார்.

"உண்மையச் சொல்லுங்க. இந்த வேலி வேலை செய்யுமா, செய்யாதா?"

கிளெமென்ட் ஹெல்மெட்டை ஸ்கூட்டர் மேல் வைத்தார்.

"வெளியிலேர்ந்து உள்ள வர்றவன இது தடுக்காது சார். திருடனும் வரலாம், தெரு நாயும் வரலாம். உள்ள இருக்கற நாயத் தடுக்கும்... அதுவும் எல்லா நாயையும் இல்ல. சிலது ஒரு பூனையப் பாத்துட்டா ஷாக்கையும் வாங்கிக்கிட்டு ஓடிடும். வெறி தெளிஞ்சப்புறம் திரும்பி வரத்தான் பயம். வாசல்லயே நின்னு ஊளையிடும்."

"மேஜர்?"

"மேஜர் தாண்ட மாட்டான் சார். பழக்கற முதல் நாளே யாரோ கன்ட்ரோல் பாக்ஸ்ல ஷாக்கை முழுசா ஏத்தி வெச்சுட்டாங்க. அவன் கத்தின கத்து இன்னும் என் காதுல இருக்கு. நான் செக் பண்ணியிருக்கணும். பாவம் சார்... அதுக்கப்புறம் பட்டை போட்டாலும் போடாட்டியும் அவனுக்கு ஒண்ணுதான்."

"எப்படிப் பழக்கினீங்க?"

"ரெண்டு வாரம் கயித்தப் புடிச்சு சுத்திச் சுத்திக் கூட்டிட்டுப் போனேன். கம்பி மண்ணுக்குள்ள இருக்கறது நாய்க்குத் தெரியாதே! அதனால கம்பி போற வழியெல்லாம் சின்னச் சின்னதா வெள்ளைக் கொடி நட்டு வெப்போம். கொடி கிட்ட போனா ஷாக்னு மனசுல பதிஞ்சிடும். அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துடுவோம்..."

ரெமிஜியஸ் நின்றார்.

நாலு நாளில் முதல் தடவையாக... ஒரே இடத்தில்... அசையாமல்!

படபட... படபட...

காலடியில், புல்தரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மஞ்சள் சிவப்புக் கொடிகள் காற்றில் ஆடிக் கொண்டிருந்தன.

"கிளெமென்ட்..." குரல் தாழ்ந்தது. "வெள்ளைக் கொடியா இருந்தாதான் நிக்குமா?"

"கலர் ஒரு விஷயமே இல்ல சார். அந்த உயரத்துல ஆடணும். அவ்வளவுதான்."

ரெமிஜியஸ் ஜீப்புக்குப் போனார். கோவிந்தனின் காதருகே குனிந்து இரண்டு கேள்வி கேட்டார். கோவிந்தன் இரண்டுக்கும் பதில் சொன்னான்.

விலங்கு கழன்றது.

"ஓடிட மாட்டியே?"

"எங்க சார் ஓடறது? நீலசந்திராதான்!"

"அப்ப வீட்டுக்குள்ள போ. நான் கையத் தூக்கினா கதவத் தொற."

*

"எல்லாரும் இங்க வாங்க. ஒரு சின்ன வேலை."

நாற்காலி கவிழ்ந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நாலு பேரையும் நிறுத்தினார் ரெமிஜியஸ். முனியப்பன். கிளெமென்ட். பியாட்ரிஸ். நாகேஷ்.

"என்ன சார் பண்ணப் போறீங்க?" பியாட்ரிஸ் கேட்டாள்.

"ஃபோட்டோ எடுக்கற மாதிரி நில்லுங்கம்மா. போதும்."

கையைத் தூக்கினார்.

கதவு திறந்தது.

மேஜர்!

பட்டை இல்லாத கழுத்து. சிவந்த கண். வாசலிலிருந்து அம்பாகப் புறப்பட்டான்!

"இயேசுவே!" பியாட்ரிஸ் தன் வீட்டை நோக்கிப் பறந்தாள். இந்த வயதில் அந்த ஓட்டம் அவளுக்கே ஆச்சரியம். முனியப்பன் எப்படி ஏறினார் என்று தெரியவில்லை, ஜீப்பின் பானெட் மேல் நின்றார். நாயைப் பழக்கிய கிளெமென்ட்டே ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒளிந்தார்!

ஒரே ஒருவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

மேஜர் கொடி வரிசைக்கு ஓரடி முன்னால், நாலு காலையும் ஊன்றி நின்றான். குரைப்பில் புல்தரையே அதிர்ந்தது. தாண்டவில்லை.

ரெமிஜியஸ் மெல்ல நடந்து வந்தார்.

"நாகேஷ் சார்... பதினோரு தையல் வாங்கினவரு நீங்க. ஓர் அடி கூட பின்னால போகலியே!"

"அது... அதிர்ச்சியில சார்... கால் வரல..."

"கை மட்டும் நிதானமா பேன்ட் பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சா?"

நாகேஷ் சட்டென்று கையை வெளியே எடுத்தான். தாமதம்!

"நாய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியும். அதான் ஓடல. கோவிந்தனக் கேட்டேன். கொடிய நட்டது நேத்து நீங்களாமே! அவன் நடறேன்னு வந்தப்ப வேணாம்னீங்களாமே! நேத்துலேர்ந்து அந்தம்மா பிஸ்கட் காட்டிக் கூப்புட்டும் நாய் இந்தப் பக்கம் வரலியாம். வயிறு சரியில்லன்னு நெனச்சானாம், பாவம்."

"கொடி நட்டா குத்தமா சார்? ஊரே நட்டிருக்கு!"

"அதனாலதான நவம்பர் வரைக்கும் காத்திருந்தீங்க? சரி, உங்களுக்கு சம்பந்தம் இல்லன்னா பிரச்சினையே இல்ல."

ரெமிஜியஸ் குனிந்தார். முதல் கொடியைப் பிடுங்கி ஜானகியிடம் கொடுத்தார்.

"பத்திரமா புடிம்மா. ஊர்க் கொடி."

இரண்டாவது.

மூன்றாவது.

வரிசையில் ஓர் இடைவெளி விழுந்தது. மேஜர் குரைப்பை நிறுத்தி அந்த இடைவெளியைப் பார்த்தான். மூக்கை நீட்டினான்.

"சார்... வேணாம்..." நாகேஷின் நெற்றியில் வியர்வை ஓடியது.

"சார், ஒரு நிமிஷம்!" பானெட் மேலிருந்து முனியப்பன். "நான் ஜீப்புக்குள்ள போயிடறேன் சார்!"

நான்காவது.

மேஜரின் முன்னங்கால் ஒன்று... கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது!

"சொல்லிடறேன் சார்! நான்தான்! புடிங்க சார் அத!" நாகேஷ் கதறினான். "அக்கா ஃபேக்டரிய வித்துட்டு என்னை வெளிய அனுப்பறேன்னாங்க சார்! என் உழைப்பு சார் அது! ஷாக்கை ஏத்தினதும் நான்தான். மாடியிலேர்ந்து அது கொடியப் பாத்து நடுங்கறத ரெண்டு வாரமா பாத்தேன்... அப்பதான் தோணிச்சு..."

"அடிச்ச கம்பி எங்க?"

"ஃபேக்டரி ஸ்க்ராப் குவியல்ல! ஹெல்மெட், ஜெர்கின் அங்கயே என் ஆபீஸ் ரூம் பீரோல..."

"முனியப்பா! ஆளுங்கள அனுப்பி அதையெல்லாம் எடுக்கச் சொல்லு. இவன் வாயில சொன்னது கோர்ட்ல நிக்காது. பொருள் நிக்கும்."

மேஜர் தாண்டினான்.

நாகேஷ் கண்ணை இறுக மூடிக் கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. மேஜர் அவன் காலை உரசிக் கொண்டு நேராக ஓடினான். திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. கவிழ்ந்த நாற்காலியின் பக்கத்தில், மமதா விழுந்து கிடந்த புல்லை முகர்ந்தான். சுற்றி வந்தான். மறுபடி முகர்ந்தான். அப்படியே படுத்து, முகவாயை அந்த இடத்தில் வைத்துக் கொண்டான்.

மூன்று மணியிலிருந்து அவன் வர நினைத்தது இங்கேதான்.

ஜானகி கொடிகளை மார்போடு அணைத்துக் கொண்டு அழுதாள். கோவிந்தன் போய் மேஜரின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காதுக்குப் பின்னால் தடவிக் கொடுத்தான்.

நாகேஷ் கண்ணைத் திறந்தான். அதற்குள் விலங்கு மாட்டியிருந்த கையைப் பார்த்தான்.

"அப்ப... என்னைக் கடிக்க வரலையா சார் அது?"

"அது வந்தது உங்க அக்காகிட்ட. நீங்களா வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்க."

ஜீப் கிளம்பத் தயாரானது. ரெமிஜியஸ் முனியப்பனின் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தார்.

"யோவ்... கேஸ் முடிஞ்சிடுச்சு. இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு..."

முனியப்பன் அவசரமாக ஜானகியிடமிருந்து ஒரு குட்டிக் கொடியை வாங்கினார். சிகரெட் பாக்கெட்டுக்கு முன்னால், சட்டைப் பையில் நேராகச் செருகிக் கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இப்ப தாண்டுங்க சார், பாக்கலாம்!"