ஈரம் காயாத சுவர்

சுவரில் ஓர் இடம் மட்டும் காயவில்லை.

மழை போய், பனியும் பாதி கழிந்திருந்தது. மலைமுகட்டிலிருந்து இறங்கும் வறட்டுக் காற்றில் உதடு வெடித்து, குதிகால் வெடித்து, ஓடைக்கரைச் சேறுகூடப் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. அப்படிப்பட்ட நாளில், பாறையைக் குடைந்தெடுத்த அந்தப் புத்த விகாரத்தின் இடப்பக்கச் சுவரில், நாகசிரியின் இடுப்புக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. தொட்டாள். மண் சில்லென்று விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். உமியும் சாணமும் கரம்பை மண்ணும் காலால் மிதிபட்டுப் புளித்த வாடை. நேற்றோ முந்தாநாளோ குழைத்த மண்ணுக்குத்தான் அந்த வாடை வரும். இந்தச் சுவரை அவள் பூசியது அடைமழைக் காலத்தில்.

"பாறையில ஊத்து இருக்கும்க்கா," என்றாள் சிவணி. இருவரும் ஒன்றாகப் பூச்சு வேலை பார்ப்பவர்கள். "மலைன்னா வேர்க்கத்தானே செய்யும்."

"இது பாறையா?"

சிவணி மண்சட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போய்விட்டாள்.

பாறை இல்லை. பூச்சுக்குப் பின்னால் ஒரு வாசல் இருந்தது. வாசலுக்குப் பின்னால் பிக்குகள் படுப்பதற்காகக் குடைந்த அறை ஒன்று, பாதி வேலையில் நின்றது. மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அந்த அறையின் கூரையில் ஓடிய விரிசல் வாய் திறந்து, பலகை பலகையாகக் கல் இறங்கியது. உளி வேலைக்காரர்கள் வெளியே பாய்ந்துவிட்டார்கள். சில்லுக்கல் அள்ளக் கூடையோடு உள்ளே போயிருந்த சாமலி வரவில்லை. நாகசிரியின் ஒரே பெண். முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த பிள்ளை.

கூரை விடாமல் முனகிக்கொண்டே இருந்தது. யாரையும் உள்ளே விட முடியாது, விரிசல் பெரிய மண்டபத்துக்கு ஓடிவிட்டால் எல்லோருக்கும் சமாதிதான் என்றார் வேலையை மேற்பார்க்கும் பிக்கு. கல்லடுக்கி வாசலை அடைத்தார்கள். அடுக்கியவன் நாகசிரியின் புருஷன் பூதகன். "காது வச்சுக் கேட்டுட்டேன் நாகி, உள்ள ஒண்ணும் இல்ல, நம்ம புள்ள போயிடுச்சு," என்று அவன்தான் வந்து சொன்னான். அதற்கு மேல் நாகசிரி மண் பூசினாள். வேறு யாரையும் பூச விடவில்லை. எரிப்பதற்கு ஓர் எலும்பு கிடைக்கவில்லை. ஓடையில் கரைக்க ஒரு பிடி சாம்பல் இல்லை. மகளுக்கு என்று அவள் செய்தது அந்தப் பூச்சு ஒன்றுதான்.

ஓவியன் இசிலன் சாயக் கிண்ணங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"மேல்பூச்சு போடுறீங்களா, இல்ல நான் வயசாகி இங்கயே செத்துப்போகட்டுமா?"

"உன் ராஜகுமாரிக்கு நீ இடுப்பு வரையுறதுக்குள்ள எங்க இடுப்பு ஒடிஞ்சிடுது," சிவணி தூண் மறைவிலிருந்து கத்தினாள். "அவளுக்கென்ன, சாஞ்சு நிக்கத்தானே போறா!"

சிரிப்பு குகைக்குள் உருண்டு, புத்தர் சிலை பாதி வெளிவந்து நிற்கும் பின்னறை வரைக்கும் போய்த் திரும்பியது. நாகசிரி சிரிக்கவில்லை.

பிக்கு வந்து சுவரைப் பார்த்தார்.

"ஈரமா இருக்கு சாமி," என்றாள்.

"அதைச் சுரண்டி எடுத்துட்டு வேற மண்ணு வை. சுண்ணாம்பு இன்னைக்கே ஏறணும். நாளைக்கு இசிலன் கோடு போட்டுடுவான்." அவர் குரல் இறங்கியது. "இந்தச் சுவரோட புண்ணியம் மொத்தமும் உன் பிள்ளைக்குன்னுதான் நாங்க சொல்லியிருக்கோம். தெரியும்ல?"

தெரியும். இன்னொன்றும் தெரியும். வண்ணம் ஏறிவிட்டால் அது அவள் பூச்சு இல்லை. அரசன் வந்து கும்பிடுவான், செட்டிகள் விளக்கேற்றுவார்கள், ஒருத்தரும் அதில் நகம் படவிட மாட்டார்கள். பிள்ளையை வெளியே எடுக்க வேண்டுமென்றால் இன்றைக்குத்தான்.

உச்சிப் பொழுதில் எல்லோரும் சாப்பிட ஓடைக்கு இறங்கினார்கள். "பசிக்கல," என்று சொல்லிவிட்டு அவள் தங்கிக்கொண்டாள்.

குகை வாசலில் சாய்த்துவைத்த பித்தளைத் தகடு வெயிலை வாங்கி, உள்ளே விரித்த வெள்ளைத் துணிமேல் எறிந்தது; துணி அதைச் சுவருக்கு அனுப்பியது. கொண்டுவந்த அந்த வெளிச்சத்தில்தான் அங்கே எல்லா வேலையும். தகட்டைத் திருப்பிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். இப்போது ஆள் இல்லை. சூரியன் நகர நகர, வெளிச்சம் சுவரில் ஓர் எறும்பின் அவசரம்கூட இல்லாமல் வலப்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது விட்டுப்போன இடமெல்லாம் உடனே இருட்டி, பழைய இருட்டோடு சேர்ந்துகொண்டது. கூரை மூலையில் வௌவால்கள் புரண்டன. அவற்றின் எச்ச நாற்றத்துக்கும் எண்ணெய்ப் புகைக்கும் நடுவே, கீழேயிருந்து, அந்தப் புது மண் வாடை நூல்போல ஏறி வந்துகொண்டிருந்தது.

கறுப்பு பெரிதாகியிருந்தது.

தொழில் பழக்கம், கை தானாகப் போய்ச் சுவரைத் தட்டியது. பூச்சுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். நன்றாக ஒட்டிய மண் 'தொப்' என்று செத்த சத்தம் தரும். ஒட்டாத இடம் வெறும் பானை மாதிரி 'டொக்' என்னும். டொக் கேட்ட இடத்தில் மேலும் மண்ணை அப்பி அழுத்த வேண்டும். சாமலி நடக்கப் பழகியபோதே இதையும் பழகிவிட்டாள். அம்மா தூணின் ஒரு பக்கம் தட்டினால், மறுபக்கம் நின்று அவளும் தட்டுவாள். தட்டிவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

டொக், டொக் என்றது சுவர்.

நாகசிரி கையை எடுத்தாள்.

டொக்.

அவள் அசையவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டியது. ஓடையிலிருந்து யாரோ யாரையோ கூப்பிடும் குரல், வேறு உலகத்திலிருந்து வருவதுபோல வந்து போனது. அது எதிரொலி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் இந்தச் சத்தத்தை அவள் முன்பே கேட்டிருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் பூச்சு பாதி காய்ந்திருந்தபோது, அழுது அழுது தலை மரத்துப்போய், பழக்கத்தில் தட்டிப் பார்த்தாள். டொக் என்றது. கை எடுத்த பிறகும் டொக் என்றது. உள்ளே வெற்றிடம் நிற்கிறது, மண் கல்லைப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள். நல்ல மண்ணாக எடுத்து, உள்ளங்கை அடியால் குத்திக் குத்தி அடைத்தாள். மறுநாள் அதற்குக் கீழே ஓரிடத்தில் டொக். அதையும் அடைத்தாள். அதற்கடுத்த நாள் இன்னும் கீழே, தரைக்கு ஒட்டி, மெதுவாக. அடைத்தாள். பிறகு எங்கே தட்டினாலும் தொப்தான்.

"இப்பத்தான்யா நல்லாப் புடிச்சிருக்கு," என்று அன்று புருஷனிடம் சொன்னாள். அவன் சோற்றுக் கையை அப்படியே உதறிவிட்டு எழுந்து போனான். மகள் நினைப்பு என்று எண்ணிக்கொண்டாள்.

காலடிச் சத்தம். பூதகன்தான். துணியில் சோள ரொட்டி முடிந்துகொண்டு வந்தவன், தூண் வரிசைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான். மழைக்குப் பிறகு அவன் இந்தச் சுவரின் பக்கம் வந்ததே இல்லை.

"வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

"யோவ். அன்னைக்குக் காது வச்சுக் கேட்டேன்னியே. என்ன கேட்டுச்சு?"

"அதான் சொன்னேன்ல."

"இப்பச் சொல்லு."

"கூரை முனகுற சத்தம்."

"வேற?"

பாறை உடைத்தே காய்த்துப்போன கையில் அவன் ரொட்டி முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உள்ள போனா நாலு பேரு மேல விழுந்திருக்கும் நாகி. நாலு பேருக்கும் புள்ளைங்க இருக்கு. நான் என்ன பண்ணுவேன்? நான் போறேன்னு சொன்னேன். புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம்..." முடிச்சை இறுக்கிக் கட்டினான். "அப்புறம் நானே புடிச்சு நிறுத்திக்கிட்டேன்."

அவள் கையை நீட்டினாள்.

"உளியக் குடு."

இடுப்பிலிருந்து உளியையும் சுத்தியலையும் உருவித் தரையில் வைத்தான். ரொட்டியை அதன் பக்கத்தில் வைத்தான். திரும்பிப் பாராமல் போனான். வாசல் வெளிச்சத்தில் அவன் முதுகு ஒரு கணம் கூனித் தெரிந்து மறைந்தது.

வெளிச்சம் சுவரின் பாதியைத் தாண்டியிருந்தது.

அவள் குத்தினாள். தன் பூச்சு, எங்கே தடிப்பு, எங்கே மெலிசு என்று கைக்குத் தெரியும். உமி தெறித்தது. ஒரு பெரிய பாளம் அசைந்து, பெயர்ந்து, அவள் மடியில் விழுந்தது. திருப்பினாள்.

கல் இடுக்குகளில் பிதுங்கிப்போய்க் காய்ந்த மண். அதில் விரல்கள். சின்ன விரல்கள் பதிந்த குழிகள். மண் ஈரமாக இருந்தபோது உள்ளேயிருந்து தள்ளியவை. ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே ஆழமாக. கீழே வரவர ஆழம் குறைந்து, கடைசியில் வெறும் நகக் கீறல்.

அந்தக் குழிகளின் எதிர்ப்பக்கத்தில், வெளியே, நாகசிரியின் உள்ளங்கைத் தடம் இருந்தது.

மகள் தள்ளியிருக்கிறாள். இவள் அழுத்தியிருக்கிறாள். நடுவே மூன்று விரல்கடை மண்.

"சாமலீ!"

குரல் குகையைச் சுற்றி வந்தது. அவள் கல்லைப் பிடித்து இழுத்தாள். நகம் பிய்ந்தது. இன்னொரு கல். அது புரண்டு காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. ஓட்டை. தலை நுழையாது, கை நுழையும். உள்ளேயிருந்து குளிர் வந்து முகத்தில் அறைந்தது. பிண வாடை இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இல்லை. புளித்த மண். பதமாகக் குழைத்த, வேலைக்குத் தயாரான மண்.

"அம்மா வந்துட்டேன் கண்ணு. அம்மாதான். வா. வெளிய வா."

தோள்வரை கையை விட்டாள். இருட்டில் துழாவினாள். கல். காற்று. கல்.

ஏதோ தொட்டது.

சில்லென்று. சின்னதாக. அவள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது. ஒவ்வொரு விரலாக. காய்ப்பு இருக்கும் இடத்தில் நின்றது. தெரிந்துகொண்டதுபோல.

நாகசிரி இறுக்கிப் பிடித்தாள். "எந்தங்கம்..."

அது உருவிக்கொண்டது. முரட்டுத்தனமில்லை. பிறகு அவள் கையை மெல்லத் தள்ளியது. வெளியே. இன்னும் கொஞ்சம். அவள் எதிர்த்தாள். மறுபடி தள்ளியது. வேலைக்கு நடுவே குறுக்கே வரும் கையை ஒதுக்குவதுபோல.

கை வெளியே வந்தது.

வெளிச்சம் ஓட்டையின் விளிம்பில் நின்றது. ஒரு நூல் அளவு.

ஒரு பிடி மண் வந்தது. உள்ளேயிருந்து. அதைப் பிடித்திருந்த கை சாம்பல் நிறமாக இருந்தது. விரல் நுனிகளில் நகம் இல்லை. மண்ணை ஓட்டையின் அடியில் வைத்தது. கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்தது. உள்ளங்கை அடியால் குத்தி அழுத்தியது. அம்மா கற்றுக்கொடுத்தபடி.

"வேணாம்டி... வேணாம்..."

அவள் சுரண்டினாள். பிடி பிடியாக அள்ளி எறிந்தாள். மறுபடி மண். கை அவசரப்படவில்லை. போனது, குழைத்தது, கொண்டுவந்தது. ஓட்டை கை அளவானது. விரல் அளவானது. வாயை வைத்துக் கூப்பிட்டாள். வாயில் மண் அப்பியது.

ஓடைப் பாதையில் சிவணி எதையோ சொல்ல, இசிலன் உரக்கச் சிரித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தான்.

வெளிச்சம் நகர்ந்துபோனது. இருட்டில் அவள் தோண்டினாள். தோண்டத் தோண்ட, சுவருக்கு அந்தப் பக்கம், அந்தச் சின்னக் கை பொறுமையாகப் பூசிக்கொண்டே இருந்தது.