இரண்டு ஊசிகள்

மாலை 4.00. தலைவர் உறையைத் திறந்தார். தட்டு இல்லை.

பெயர் மறந்துபோன ஒரு பாடகியின் இசைத்தட்டு அது. வேறு பிரதி இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆறு மணிக் கூட்டத்தில் அதைச் சுழலவிடுவதாக இருந்தது.

பழைய பாட்டும் பழைய படமும் பிடித்தவர்களின் சங்கம். மாடியில் வரிசையாக மூன்று இடம்: கூடம், அலுவலறை, கிராமபோன் அறை. அலுவலறைக்கு இரண்டு கதவு. ஒன்று கூடத்துக்கு, மற்றது கிராமபோன் அறைக்கு. தட்டு வைக்கும் அலமாரி அலுவலறையில். அதன் சாவி அங்கேயே ஆணியில் தொங்கும். அது எல்லோருக்கும் தெரியும்.

மாடியில் நான்கு பேர். தலைவர், பல் டாக்டர், எப்போதும் கோட்டுப் போட்டிருப்பதால் கோட்டு என்று எல்லோரும் கூப்பிடும் சேகரிப்பாளர், இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண். நான்கு பேரின் பையையும் சோதித்தார்கள். அவள் பையை மட்டும் மேஜையில் கவிழ்த்தார்கள்.

4.25. செய்தி கேட்டு அவளுடைய அக்கா படியேறி வந்தாள். தையல்காரி. உறுப்பினர்களுக்கு அந்தக் காலத்துக் கோட்டும் சட்டையும் தைத்துக் கொடுப்பவள்.

"வாங்க டெய்லரம்மா," என்றார் கோட்டு. தொப்பியை லேசாகத் தூக்கினார்.

தையல்காரி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தங்கையிடம் போனாள். மேஜையில் சீப்பு, டிபன் பாக்ஸ், பாதி மாத்திரை அட்டை.

"நான் எடுக்கலக்கா."

"தெரியும். அழாதே. மூக்கைச் சிந்திட்டுப் பதில் சொல்லு."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்குள்ள தட்டு வரலைன்னா போலீஸ்தான். வேலையும் கிடையாது."

"ஆறு மணி வரைக்கும் எனக்குக் கொடுங்கய்யா. தட்டை எப்போ உள்ள வெச்சீங்க?"

"மூணு இருபது."

"அப்புறம் அந்த ரூமுக்குள்ள போனது யாரு?"

"உன் தங்கச்சி. பெருக்கறதுக்கு. மூணரைக்கு வெளிய வந்தா. அதுக்கப்புறம் கூடத்து வழியா யாரும் போகல. நானும் டாக்டரும் அந்தக் கதவுக்கு எதிர்லதான் திரை கட்டிட்டிருந்தோம்."

"கிராமபோன் ரூம் வழியா?"

"அங்க நம்ம கோட்டுதான் இருந்தார். மூணரைலேருந்து மூணே முக்கால் வரைக்கும் பாட்டு போட்டுட்டிருந்தார். நாங்களே கேட்டோமே."

"நாலு தட்டு," என்றார் கோட்டு. "கூட்டத்துக்கு முன்னாடி காதைத் தயார் பண்ணிக்கணும்."

"உட்காருங்களேன் சார்," என்றாள் தையல்காரி.

"லேடீஸ் நிக்கும்போது நான் உட்கார்றதா? அந்தக் காலத்து மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

"பல்லைப் பிடுங்க வந்தப்போகூட நின்னுட்டே பிடுங்கச் சொன்ன ஆளு இவர்," என்றார் டாக்டர்.

4.40. அலமாரிப் பூட்டில் கீறல் இல்லை. தையல்காரி கிராமபோன் அறைக்குள் போனாள். தங்கையும் டாக்டரும் பின்னால் வந்தார்கள். சாவி கொடுத்து ஓட்டும் பழைய பெட்டி. சுவரில் கோட்டின் கையெழுத்தில் ஓர் அட்டை: 'ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. தேய்ந்ததைக் கிண்ணத்தில் போடவும்.'

கிண்ணம் காலி.

"இதை எப்போ கொட்டினே?"

"மூணு மணிக்கு," என்றாள் தங்கை. "அப்புறம் இந்த ரூம் பக்கமே வரல. நாற்காலி துடைச்சிட்டிருந்தேன். இவர் பாட்டு வேற. கால் மணி நேரம் மூச்சு விடாம. மண்டை காஞ்சுபோச்சு."

"மூச்சு விடாமலா?"

"நடுவுல ஒரு செகண்ட் ஓஞ்சிருந்தா தலைவர் ஐயாவைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன், டீ போடவான்னு."

டாக்டர் தலையாட்டினார். "அது சரிதான். ஓயவே இல்ல."

4.55. தையல்காரி கூடத்துக்கு வந்தாள். கோட்டு சுவரோரம் நிமிர்ந்து நின்றிருந்தார்.

"சார், ஒரு தட்டு எவ்வளவு நேரம் பாடும்?"

"ஒரு பக்கம் மூணு நிமிஷம்."

"அப்புறம்?"

"திருப்பிப் போடணும். ஊசி மாத்தணும். சாவி..." அவர் நிறுத்தினார்.

"சாவி கொடுக்கணும். அதுக்கு அரை நிமிஷமாவது பாட்டு நிக்கணும். கால் மணி நேரத்துல மூணு நாலு தடவை நின்னிருக்கணும். ஒரு தடவைகூட நிக்கல. கிண்ணத்துல ஒரு ஊசிகூட இல்ல. பாடினது பெட்டி இல்ல சார். உங்க போன்."

"போனா!" என்றார் டாக்டர். "போன்ல பாட்டுக் கேக்கறவனைச் சங்கத்துலயே சேக்கக் கூடாதுன்னு சொன்னவராச்சே!"

"அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல. கரகரப்பெல்லாம் சரியாப் பதிஞ்சு வெச்சிருந்தார். நடுவுல வர்ற சும்மா இருக்கற நேரத்தை மட்டும் மறந்துட்டார்."

"தட்டு எங்கே?" என்றார் தலைவர். "பையில இல்லையே."

"சார் என்னைப் பாத்தா தொப்பியை எடுத்து இடுப்பு வரைக்கும் குனிவார். பழைய படத்து ஹீரோ மாதிரி. அந்த வணக்கத்துக்காகவே இந்தக் கோட்டுக்கு முதுகுல துணி கூடுதலா விட்டுத் தைச்சேன். இன்னைக்குக் குனியல. உட்காரவும் இல்ல." அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். "ஒரு தடவை குனிங்க சார். நான் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிடறேன், மன்னிப்பும் கேக்கறேன்."

கோட்டு குனியவில்லை.

"குனிஞ்சா தட்டு உடையும். நீங்க உடைக்க மாட்டீங்க."

அவர் கோட்டைக் கழற்றினார். குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார். முதுகுப்பக்க உள்துணியில் ஒரு சாணுக்கு மேல் நீளமாகக் கோணல் தையல்.

"இது என் தையல் இல்ல," என்றாள் தையல்காரி. "இதுக்குத்தான் கால் மணி நேரம்." கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அலமாரியிலேயே கிடந்தது," என்றார் கோட்டு. "வருஷத்துக்கு ஒரு நாள் எடுப்பீங்க. நான் தினம் கேட்டிருப்பேன்."

"கேட்டிருப்பீங்க. இவ ஜெயில்ல இருந்திருப்பா."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். சட்டையோடு படியிறங்கினார்.

5.20. தட்டில் கீறல் இல்லை. தலைவர் தன் கையால் போடவில்லை. அதைத் தங்கையிடம் நீட்டினார். தங்கைதான் புது ஊசி மாட்டினாள், சாவி கொடுத்தாள், ஊசியைத் தட்டில் இறக்கினாள். பாடகி மூன்று நிமிடம் பாடினாள்.

பிறகு பாட்டு நின்றது.

"மன்னிச்சிடும்மா," என்றார் தலைவர். "உன் பையைக் கவிழ்த்திருக்கக் கூடாது."

தங்கை தேய்ந்த ஊசியைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். அது கிண்ணென்றது.

"அடுத்த பக்கத்தை நீங்களே போடுங்கய்யா," என்றாள். மேஜைக்குப் போய்ச் சீப்பையும் டிபன் பாக்ஸையும் பைக்குள் வைக்கத் தொடங்கினாள்.