ரயில் பார்த்த பாதங்கள்

பொம்மை ரயில் அனுப்பிய படத்தில் இரண்டு பாதங்கள் நின்றன. ஹாலில் யாரும் இல்லை.

மலேசியாவின் மந்தினில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வீடு. ஈயம் உருகிய வாசனைக்கும் தகரக் கூரையில் சாயங்கால மழை கொட்டும் இரைச்சலுக்கும் நடுவே அடுப்படி மேசை முன் உட்கார்ந்து, சுகுமாறன் சின்னத் திரையைக் கண் சுருக்கிப் பார்த்தான். ரயிலின் முதல் பெட்டியில் ஒரு கேமராவும், அவனே பற்றவைத்த டிரான்ஸ்மிட்டரும் இருந்தன. படுக்கையில் கிடந்த அம்மாவை இரண்டு வருஷம் தூக்கித் துடைத்துத் தூக்கம் கெட்டவனுக்கு இந்த ஒரு பொழுதுபோக்குதான் மிச்சம். அம்மா போய் ஒன்பது நாள் ஆகிறது.

பக்கத்து வீட்டுக் கேமரா இதே சேனலில் வந்து விழுகிறதோ? ஆனால் தண்டவாளம் அவனுடையது. விரிசல் விட்ட தரையும் அவன் வீட்டுத் தரைதான்.

அறையிலிருந்து மனைவி ரோகினி கூப்பிட்டாள். "ஏங்க, அந்த ரயில நிறுத்துங்க லா. தலை வலிக்குது."

"இதோ, ஒரே ரவுண்டு."

ரயில் ஹாலைச் சுற்றித் திரும்பியது. பாதங்கள் இப்போது அறை வாசலில் நின்றன. வெடித்த குதிகால்கள். கட்டைவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

அம்மா செத்த அன்று அவள் கால்விரல்களில் அந்தக் கட்டுப் போட்டவன் அவன்தான். வயர் முறுக்கும் பழக்கத்தில் மூன்று முறுக்கு. சவப்பெட்டியை மூடுமுன் அதை வெட்டிவிடப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் போன உயிர் வீட்டை விட்டுப் போகாதாம். சவ வேன்காரர் அவசரப்படுத்தினார். "வெட்டிட்டீங்களா?" என்று ரோகினி கேட்டாள். "வெட்டிட்டேன் லா" என்றான். வெட்டவில்லை. அந்தக் கால்களை இன்னொரு தரம் தொட அவனால் முடியவில்லை. அவ்வளவு அலுத்துப்போயிருந்தான். கட்டோடுதான் அம்மாவை எரித்தார்கள்.

தண்டவாளம் போன வழியே ரயில் அறைக்குள் போனது. சுவிட்சைத் தட்டினான். கட்டிலுக்கு அடியில் நின்றது.

திரை முழுக்கக் கோடுகள். பிறகு படம் தெளிந்தது.

கட்டிலோரம் பாதங்கள்.

சேர்ந்தபடியே ஒரு குதி. இன்னும் கிட்டத்தில்.

பிறகு தரையை விட்டு எழும்பின.

கட்டில் கிறீச்சிட்டது.

"ரோகினி."

மேசையிலிருந்த வயர் கட்டரை எடுத்துக்கொண்டு ஓடினான். இந்தத் தடவை வெட்டிவிட வேண்டும். வெட்டிவிட்டால் போதும்.

கட்டிலில் ரோகினி மட்டும்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போர்வை காலிலிருந்து விலகிக் கிடந்தது. தொட்டான். சில்லென்று இருந்தது.

அவள் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்திருந்தன. வெள்ளைத் துணி.

மூன்று முறுக்கு.